எல்சாட் மதிப்பெண் ஏமாற்றம் அளித்தபின்: மனம் தளராமல் மீண்டும் எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

மாதக்கணக்கில் உழைத்து எல்சாட் தேர்வை எழுதிவிட்டு, முடிவு வெளியான நாளில் கணக்கைத் திறந்ததும் எதிர்பார்த்ததைவிட ஆறேழு புள்ளிகள் குறைந்த ஓர் எண்ணைக் கண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் சேர விரும்புவோர் பெரும்பாலும் எழுதும் இந்தத் தேர்வில், மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டிய பாடம் எதுவும் கிடையாது. அதனால்தான் குறைந்த மதிப்பெண் இவ்வளவு வலிக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் படிக்கவில்லை என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். எல்சாட்டில் குறைந்தால் ‘எனக்குச் சிந்திக்கவே தெரியவில்லையோ’ என்ற எண்ணம் மனத்தில் புகுந்துவிடுகிறது. அந்த எண்ணம் தவறானது. இந்தத் தேர்வு சோதிப்பது குறிப்பிட்ட சில வாசிப்புப் பழக்கங்களையும் தர்க்கப் பழக்கங்களையும்தான்; பழக்கம் என்பது மாற்றக்கூடியது. மாற்றம் நிகழ வேண்டுமானால் எந்த இடத்தில், எந்த வகையில் தவறினோம் என்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். ஊக்கமும் அங்கிருந்துதான் வரும் என்பதே என் உறுதியான கருத்து. ‘நான் தோற்றுவிட்டேன்’ என்ற மனநிலையோடு யாராலும் நெடுநாள் படிக்க முடியாது. ‘தேவையான அனுமானக் கேள்விகளில் (ஒரு வாதம் நிற்க எது உண்மையாக இருந்தாக வேண்டும் என்று கேட்பவை) பாதியைத் தவறவிடுகிறேன்’ என்று தெரிந்துகொண்டவர் நாளைக் காலையே வேலையைத் தொடங்கலாம்.

முதல் படி: முதல் வாரத்தில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்

முடிவு வந்த இரண்டு மூன்று நாட்களுக்குப் புத்தகத்தைத் தொட வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள். நெருங்கியவர் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். மற்றவர்கள் கேட்டால் ‘இன்னொரு முறை எழுதலாமா என்று யோசிக்கிறேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும். அன்றிரவே அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டுவதும், அன்றிரவே சட்டப் படிப்பைக் கைவிடுவதும் ஒரே பதற்றத்தின் இரு முகங்கள்தான்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மதிப்பெண்ணை முன்கூட்டிப் பார்த்து முடிவெடுக்கும் ‘ஸ்கோர் ப்ரிவ்யூ’ வசதியைப் பெற்றிருந்தால், மதிப்பெண்ணை வைத்துக்கொள்வதா ரத்து செய்வதா என்பதை 6 நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ரத்து செய்வதால் அதிகப் பயன் இல்லை என்றே நினைக்கிறேன். பலமுறை எழுதியவர்களின் விஷயத்தில், சட்டப் பள்ளிகள் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்துக்கு அளிக்கும் புள்ளிவிவரத்தில் மிக உயர்ந்த மதிப்பெண்ணே இடம்பெறுகிறது. ஆகவே அடுத்த முறை நன்றாக எழுதினால் பள்ளியின் கண் இயல்பாக அந்த உயர்ந்த எண்ணின் மீதே விழும். பழைய மதிப்பெண்களும் அவர்களுக்குத் தெரியும் என்பதையும், சில பள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரத்து செய்த முயற்சியும் உங்கள் முயற்சிகளின் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

இரண்டாம் படி: அந்த எண் என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் படியுங்கள்

எல்சாட் மதிப்பெண் 120 முதல் 180 வரை அளிக்கப்படுகிறது. 2024 ஆகஸ்ட் முதல் ‘லாஜிக் கேம்ஸ்’ என்று அழைக்கப்பட்ட புதிர்ப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. இப்போது மதிப்பெண்ணில் சேர்பவை மூன்று பகுதிகள்: தர்க்கப் பகுதி இரண்டு, வாசித்துணரும் பகுதி ஒன்று. இவற்றோடு மதிப்பெண்ணில் சேராத நான்காவது பகுதி ஒன்றும் கலந்து வரும். அது எது என்று தேர்வின்போது தெரியாது. ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடம்.

மதிப்பெண் அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரம்பும் அச்சாகியிருக்கும். 154 பெற்ற ஒருவருக்கு ஏறக்குறைய 151 முதல் 157 வரை என்று அது காட்டும். உங்கள் திறன் இந்த எல்லைக்குள் எங்கோ இருக்கிறது, ஒரு நாள் தேர்வால் அதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்று தேர்வை நடத்துபவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள். வருத்தத்தில் இருப்பவர்கள் இந்த வரம்பைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை.

அடுத்து, புள்ளிகளைக் கேள்விகளாக மாற்றிப் பாருங்கள். மதிப்பெண்ணில் சேரும் கேள்விகள் மொத்தம் 75 முதல் 80 வரை இருக்கும். அளவுகோலின் நடுப்பகுதியில் ஒரு கேள்வி கூடுதலாகச் சரியானால் ஏறக்குறைய ஒரு புள்ளி நகரும். தேர்வுக்குத் தேர்வு இது சிறிது மாறும். 150-க்கும் 160-க்கும் இடையிலுள்ள தூரம் மலைபோல் தெரிந்தாலும், மூன்று பகுதிகளிலும் பகுதிக்கு நான்கைந்து கேள்விகள் கூடுதலாகச் சரியாவதுதான் அது. மேல்மட்டத்தில் கணக்கு வேறு. 170-ஐத் தாண்டியபின் ஓரிரு தவறுகளே எண்ணைக் கீழே இழுத்துவிடும்.

பிறகு, தேர்வுக்கு முன் எழுதிய கடைசி ஐந்து மாதிரித் தேர்வுகளின் சராசரியை எடுத்து உண்மையான மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். உங்கள் மிக உயர்ந்த மாதிரி மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள். அது நீங்கள் ஒருமுறை தொட்ட உயரம், நிற்கும் இடம் அல்ல. வேறுபாடு மூன்று புள்ளிக்குள் இருந்தால், தேர்வு உங்களைச் சரியாகவே அளந்திருக்கிறது; திறனை உயர்த்த வேண்டும். ஐந்துக்கு மேல் என்றால், தேர்வு நாளுக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் இடையே ஏதோ பொருந்தவில்லை. கடிகாரத்தை நடுவில் நிறுத்தினீர்களா, பகுதிகளைத் தனித்தனி நாட்களில் எழுதினீர்களா, ஏற்கெனவே பார்த்த கேள்விகளையே மீண்டும் போட்டீர்களா, தூக்கம் போதவில்லையா என்று நேர்மையாக எழுதிப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு.

மூன்றாம் படி: மீண்டும் எழுதுவதா, எப்போது எழுதுவது

செல்லுபடியாகும் மதிப்பெண் காலத்துக்குள் (பழைய மதிப்பெண்கள் பள்ளிகளுக்கு அனுப்பப்படும் காலம்) 5 முறையும், வாழ்நாள் முழுவதிலும் 7 முறையும்தான் இந்தத் தேர்வை எழுத முடியும். ஆகவே முயற்சிகளை விதைநெல்போல் எண்ணிச் செலவிட வேண்டும். தயாரிப்பில் எதையும் மாற்றாமல் அடுத்த மாதமே எழுதுபவர், பெரும்பாலும் பழைய எண்ணுக்கு அருகிலேயே வந்து நிற்பார். உண்மையான மாற்றத்துக்குக் குறைந்தது எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தேவை என்பது என் கணிப்பு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இன்னும் சற்று அதிகம்.

இலக்கை ஆசையின்படி வைக்காமல், நீங்கள் சேர விரும்பும் பள்ளிகளின் எண்களின்படி வையுங்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளியும் ‘ஸ்டாண்டர்ட் 509’ என்ற அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களின் எல்சாட் மதிப்பெண்களில் 25, 50, 75 ஆகிய சதமான (பெர்சென்டைல்) நிலைகளில் உள்ள எண்கள் அதில் இருக்கும். 50-ஆம் நிலையிலுள்ள நடு எண்ணை எட்டினால் உங்கள் விண்ணப்பம் வலுவடையும். அதைத் தாண்டினால் உதவித்தொகைக்கான வாய்ப்பும் கூடும். பல பள்ளிகள் தகுதி அடிப்படையிலான உதவித்தொகையை எல்சாட்டையும் கல்லூரி மதிப்பெண்ணையும் பார்த்தே வழங்குவதால், சில புள்ளிகள் மூன்றாண்டுப் படிப்பில் பல ஆயிரம் டாலர் கடனைக் குறைத்துவிட முடியும்.

பெரும்பாலான பள்ளிகள் விண்ணப்பங்களை வர வர எடுத்துப் பரிசீலிப்பதால், இலையுதிர் காலத்தில் விண்ணப்பிப்பவருக்கு வசந்த காலத்தில் விண்ணப்பிப்பவரைவிட இடங்கள் அதிகம் மிச்சமிருக்கும். அதற்காகத் தயாராகாத நிலையில் அவசரப்பட்டு எழுத வேண்டியதில்லை. ஓராண்டு தள்ளிப்போட்டு நல்ல மதிப்பெண்ணோடு தொடக்கத்திலேயே விண்ணப்பிப்பது பலருக்குச் சிறந்த வழி. சட்டத் தொழில் நாற்பது ஆண்டு நீளக்கூடியது. அதில் ஓராண்டு பெரிய இழப்பு அல்ல.

நான்காம் படி: பிழையைத் துல்லியமாகப் பார்க்கும் முறை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். முதல் முயற்சியில் ஏமாந்தவர்களின் தயாரிப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: மாதிரித் தேர்வு எழுதுவது, மதிப்பெண்ணைப் பார்ப்பது, தவறான கேள்விகளின் விளக்கத்தைப் படித்து ‘ஆமாம், புரிகிறது’ என்று தலையசைப்பது, அடுத்த மாதிரித் தேர்வுக்குப் போவது. விளக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. அந்தச் சிந்தனையைத் தானே செய்வது வேறு.

மாற்று முறைக்கு ‘ப்ளைண்ட் ரிவ்யூ’ என்று பெயர். நேரக் கட்டுப்பாட்டோடு ஒரு பகுதியை எழுதும்போது, முழு உறுதி இல்லாத ஒவ்வொரு கேள்வியையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் விடையைப் பார்க்காதீர்கள். குறித்த கேள்விகளைக் கடிகாரம் இல்லாமல் மீண்டும் போடுங்கள். ஒவ்வொரு தெரிவும் ஏன் சரி, ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். அதன்பிறகே விடையைச் சரிபாருங்கள். நேரத்துக்குள் தவறாகவும் மீள்பார்வையில் சரியாகவும் வந்தவை வேகத்தின் பிழைகள். இரண்டிலும் தவறியவை புரிதலின் பிழைகள். உறுதி என்று நினைத்துக் குறிக்காமல் விட்டுத் தவறியவை எல்லாவற்றிலும் ஆபத்தானவை. அங்கே உங்கள் மனம் ஒரு பொறியில் விழுந்தது, விழுந்ததை அறியவும் இல்லை.

பிழைகளுக்குத் தனியாக ஒரு நோட்டு வையுங்கள். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அதில் எழுதவே கூடாது. அது காரணம் அல்ல, காரணத்தை மூடும் போர்வை. ஒரு கேள்வியை எடுத்து இதைச் செய்து காட்டுகிறேன்.

வாதம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘நகர நூலகத்திலிருந்து இரவல் பெறப்படும் புத்தகங்களின் எண்ணிக்கை கடந்த ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆகவே, நகர மக்கள் முன்பைவிடக் குறைவாகப் புத்தகம் படிக்கிறார்கள்.’ இந்த வாதத்துக்குத் தேவையான அனுமானம் எது என்பது கேள்வி. மாணவர் தேர்ந்தெடுத்த விடை: ‘நூலகம் புதிய புத்தகங்களை வாங்குவதைக் குறைத்துக்கொண்டது.’ சரியான விடை: ‘நூலகத்தில் குறைந்த அளவுக்கு ஈடாக, மக்கள் வேறு வழிகளில் புத்தகங்களைப் பெற்றுப் படிப்பது அதிகரிக்கவில்லை.’

தேவையான அனுமானத்தைச் சோதிக்க, அதை மறுத்துப் பார்க்க வேண்டும். சரியான விடையை மறுத்தால், ‘மக்கள் வேறு வழிகளில் படிப்பது அதே அளவுக்கு அதிகரித்தது’ என்று வரும். அத்துடன் முடிவு சரிந்து விழுகிறது. மாணவர் எடுத்த விடையை மறுத்தால், ‘நூலகம் புத்தகம் வாங்குவதைக் குறைக்கவில்லை’ என்று வரும். முடிவுக்கு ஒரு கீறலும் விழவில்லை. அது இரவல் ஏன் குறைந்தது என்பதற்கு ஒரு காரணம் மட்டுமே. முடிவுக்குப் போகும் பாலம் அல்ல. ஆக நோட்டில் எழுத வேண்டிய வரி இது: ‘சான்றுக்கு விளக்கம் தரும் தெரிவை, சான்றையும் முடிவையும் இணைக்கும் தெரிவு என்று நினைத்துவிட்டேன். சான்று இரவலைப் பற்றியது, முடிவு வாசிப்பைப் பற்றியது. இந்தச் சொல் மாற்றத்தைக் கவனிக்கவில்லை. அடுத்த முறை தெரிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே, முடிவில் புதிதாக வந்த சொல் எது என்று தேடுவேன்.’ இப்படி நாற்பது வரிகள் சேர்ந்தபின் புரட்டிப் பாருங்கள். நாற்பது வெவ்வேறு தவறுகள் இருக்காது. ஐந்தாறு தவறுகளே வேடம் மாற்றி மாற்றி வந்திருக்கும். அந்தக் கண்டுபிடிப்பு தரும் தெம்பை வேறு எந்த ஊக்க உரையும் தராது.

தமிழில் சிந்திப்பவர்களுக்கு நிபந்தனை வாக்கியங்களில் ஒரு நல்ல பிடிமானம் உண்டு. ‘இஃப்’ என்பதும் ‘ஒன்லி இஃப்’ என்பதும் ஆங்கிலத்தில் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பதால் பலர் தடுமாறுகிறார்கள். நம் மொழியில் ‘மழை பெய்தால் தரை நனையும்’ என்பதற்கும் ‘மழை பெய்தால்தான் பயிர் முளைக்கும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைகூட உணரும். முதல் வாக்கியத்தில் தரை நனைந்திருப்பதை வைத்து மழை பெய்தது என்று சொல்ல முடியாது. யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கலாம். இரண்டாவதில் பயிர் முளைத்திருந்தால் மழை பெய்திருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் மழை பெய்தது என்பதால் மட்டும் பயிர் முளைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தச் சிறிய ‘தான்’ தேவையான நிபந்தனையின் அடையாளம். ‘அன்லெஸ்’ வரும் வாக்கியத்தை ‘இல்லாவிட்டால்’ என்று மாற்றிப் படித்தால் அதுவும் தெளிந்துவிடும். தொடக்க வாரங்களில் மட்டும் இப்படி மாற்றிப் பாருங்கள். பிறகு ஆங்கில வாக்கியமே நேராகப் புரியத் தொடங்கும்.

ஐந்தாம் படி: வாசித்துணரும் பகுதி

இந்தப் பகுதி மெதுவாகத்தான் உயரும். அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். நான்கு வாசிப்புத் தொகுதிகள், அவற்றில் ஒன்று ஒப்பிட்டுப் படிக்க வேண்டிய இரட்டைப் பகுதி. மொத்தக் கேள்விகள் ஏறக்குறைய 27. தொகுதிக்கு எட்டே முக்கால் நிமிடம் கிடைக்கும். ஒவ்வொரு பத்தியையும் முடித்தபின் ஒரு கணம் நின்று, ஆசிரியர் இங்கே என்ன சொன்னார் என்று கேட்பதைவிட, என்ன செய்தார் என்று கேளுங்கள்: பழைய கருத்தை எடுத்துவைத்தாரா, அதை மறுத்தாரா, விதிவிலக்கு கொடுத்தாரா, தன் நிலைப்பாட்டைச் சொன்னாரா. கேள்விகள் பெரும்பாலும் இந்த அமைப்பையும் ஆசிரியரின் மனப்பாங்கையும் சுற்றியே வருகின்றன. விவரங்களை நினைவில் வைக்கத் தேவையில்லை. எந்த விவரம் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று தெரிந்தால் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: நேரம்

தர்க்கப் பகுதியில் 35 நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 கேள்விகள்; சராசரியாகக் கேள்விக்கு 84 வினாடி. எல்லாக் கேள்விக்கும் ஒரே நேரத்தைக் கொடுப்பது தவறு. எளியவற்றை ஒரு நிமிடத்துக்குள் முடித்து, மிச்சப்படும் நேரத்தைக் கடினமானவற்றுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை படித்தும் பிடிபடாத கேள்வியைக் குறித்துவைத்து நகர்ந்துவிடுங்கள். அந்தக் கேள்விக்கும் எளிய கேள்விக்கும் ஒரே மதிப்புதான். தவறான விடைக்குக் கழிவு இல்லாததால், ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விடக் கூடாது. முதல் மாதத்தில் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடிகாரம் இல்லாமல் 25-இல் 18 சரியாகப் போடுபவரால், கடிகாரத்தோடு 23 போட முடியாது.

ஏழாம் படி: வாரத்தை அமைப்பது

தேர்வை நடத்தும் அமைப்பான எல்சாக்கின் ‘லாஹப்’ தளத்தில், உண்மையான பழைய தேர்வுகள் இப்போதைய அமைப்பிலேயே கிடைக்கின்றன. சில இலவசம், எல்லாம் வேண்டுமானால் ஆண்டுச் சந்தா. 2024-க்கு முந்தைய புத்தகங்களை வைத்திருப்பவர்கள் புதிர்ப் பகுதியை அப்படியே விட்டுவிடலாம்.

வாரத்துக்கு ஒரு முழு மாதிரித் தேர்வுக்கு மேல் எழுத வேண்டாம். முதல் நான்கு வாரங்களில் அதுகூட வேண்டாம். எழுதிய ஒவ்வொரு தேர்வுக்கும், எழுதிய நேரத்தைப்போல் இரு மடங்கு மீள்பார்வைக்கு ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் ஒரே வகைக் கேள்விகளை மட்டும் பத்துப் பதினைந்து எடுத்துப் போடுங்கள். எந்த வகை என்பதைப் பிழை நோட்டு சொல்லும். நாளுக்கு இரண்டு மணி நேரம் முழுக் கவனத்தோடு படிப்பது, ஐந்து மணி நேரம் அரைமனத்தோடு உட்கார்ந்திருப்பதைவிட மேலானது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

மதிப்பெண் நேர்கோட்டில் ஏறாது. 154, 158, 155, 157 என்று ஏறி இறங்கும். மூன்று புள்ளி வரம்பை நினைவில் வைத்திருப்பவர் இதில் பதற மாட்டார். ஒரு தேர்வைப் பார்க்காதீர்கள், மூன்று தேர்வுகளின் சராசரியைப் பாருங்கள். மதிப்பெண் அசையாத வாரங்களில் பார்க்க வேறொரு எண்ணும் இருக்கிறது: ப்ளைண்ட் ரிவ்யூவில் வரும் மதிப்பெண். அது உயர்ந்துகொண்டிருந்தால் புரிதல் வளர்கிறது, வேகம் பின்னால் வருகிறது என்று பொருள். அதுவும் மூன்று வாரம் அசையாவிட்டால் முறையை மாற்றுங்கள். இன்னொருவருக்குக் கேள்வியை வாய்விட்டு விளக்கிப் பாருங்கள். எங்கே சொல் தடுமாறுகிறதோ அங்கேதான் புரிதல் ஓட்டையாக இருக்கிறது.

படிக்க உட்காரவே மனம் வராத நாட்களும் வரும். அன்று இலக்கை ஐந்து கேள்விகளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்தையும் ஒழுங்காக மீள்பார்வை செய்துவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் உறக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், அதை மன உறுதியால் வெல்ல முயலாமல் மருத்துவரைப் பாருங்கள். வாசிப்புக் குறைபாடு, கவனக் குறைபாடு போன்றவை உள்ளவர்கள் கூடுதல் நேரம் உள்ளிட்ட வசதிகளை எல்சாக்கிடம் முறைப்படி கேட்டுப் பெற முடியும். அதைக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. விண்ணப்பத்தைக் குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எட்டாம் படி: கடைசி இரண்டு வாரமும் தேர்வு நாளும்

கடைசி இரண்டு மாதிரித் தேர்வுகளையாவது உண்மையான தேர்வு நடக்கும் அதே நேரத்தில், நான்கு பகுதிகளோடும், இரண்டாவது பகுதிக்குப்பின் வரும் 10 நிமிட இடைவேளையோடும் எழுதுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் புதிய கேள்வி எதையும் தொட வேண்டாம். தேர்வுக்குள் ஒரு பகுதி மோசமாகப் போனதாகத் தோன்றினால், அது மதிப்பெண்ணில் சேராத பகுதியாகவும் இருக்கலாம் என்பதை நினைத்துக்கொண்டு அடுத்ததைத் திறங்கள். முதல் முயற்சியில் பலர் புள்ளிகளை இழப்பது கடினமான பகுதியில் அல்ல, அதற்கு அடுத்த பகுதியில்.

ஒன்பதாம் படி: இரண்டாவது மதிப்பெண் வந்தபின்

உயர்ந்திருந்தால், விண்ணப்பத்தோடு முந்தைய மதிப்பெண்ணுக்கு விளக்கம் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு மூன்று புள்ளி வேறுபாட்டுக்கு விளக்கம் தேவையில்லை. பத்துப் புள்ளிபோல் பெரிய உயர்வு என்றாலோ, முதல் தேர்வின்போது நோய், குடும்பத்தில் மரணம் போன்ற உறுதியான காரணம் இருந்தாலோ ஒரு பத்தி எழுதலாம். என்ன நடந்தது, எதை மாற்றினீர்கள் என்பதை ஐந்தாறு வாக்கியங்களில் சொல்லி நிறுத்திவிடுங்கள்; கெஞ்சலும் வேண்டாம், குறைகூறலும் வேண்டாம்.

உயரவில்லை என்றால், மீண்டும் இரண்டாம் படிக்கே வந்து கடைசி ஐந்து மாதிரித் தேர்வுகளின் சராசரியைப் பாருங்கள். சராசரி உயர்ந்தும் தேர்வு நாளில் மட்டும் குறைந்திருந்தால் மூன்றாவது முயற்சி நியாயமானது. முழு உழைப்புக்குப் பின்னும் சராசரியே அதே இடத்தில் நின்றுவிட்டால், கையிலுள்ள மதிப்பெண்ணை நடு எண்ணாகக் கொண்ட பள்ளிகளின் 509 அறிக்கைகளை எடுத்து, அந்தப் பள்ளிகளின் கட்டணத்தையும் உதவித்தொகையையும் பட்டம் பெற்றவர்களுக்குக் கிடைக்கும் வேலையையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் போடுங்கள்; மிச்சமுள்ள மாதங்களைத் தன்விவரக் கட்டுரைக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் கொடுங்கள்.